கரண்ட் பில்லா வண்டி ஓட்டப் போகிறது?

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிற ஆளிடம் அரசாங்கம் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்றே விஷயம். கண் தெரிகிறதா, கைகால் சொன்னபடி கேட்கிறதா, சாலை விதி தெரியுமா. எட்டு போட்டுக் காட்டுவதையும் சேர்த்து இந்த மூன்றையும் சோதிக்க அரை மணி நேரம் ஆகுமா? நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: எங்கே குடியிருக்கிறாய், அதற்கு என்ன ஆதாரம்? இதற்குப் பதில் சேர்ப்பதற்குள் சிலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. சிலர் சேர்க்க முடியாமல் லைசென்ஸ் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். வண்டியை மட்டும் விடுவதில்லை.

என் கட்சி இதுதான். குடியிருக்கும் இடத்துக்கு, விண்ணப்பம் போடுகிறவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழியே போதும். கரண்ட் பில், வாடகைப் பத்திரம், வீட்டுக்காரர் கடிதம் எதுவும் வேண்டாம். பொய் சொல்லியிருந்தால் பிடித்துத் தண்டியுங்கள். "முப்பத்து மூணு வருஷம் சர்க்கார் மேஜையில உட்கார்ந்துட்டு நீங்களா மாமா இப்படிப் பேசுறீங்க?" என்கிறார் என் மாப்பிள்ளை. அந்த மேஜையில் உட்கார்ந்ததால்தான் பேசுகிறேன்.

முதலில் எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னீர்குப்பத்துக்கு வரும் கடிதத்தில் 'சென்னை-56' என்று இருக்கும். ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் நாங்கள் திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டம். திருட்டுப் போனால் புகார் செய்ய வேண்டியது 2022-ல் உண்டான ஆவடி மாநகரக் காவல். ஓட்டுப் போடுவது பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி. குப்பை அள்ளுவது சென்னை மாநகராட்சி இல்லை, ஊராட்சி. வெளியூர்க்காரர் கேட்டால் 'சென்னை' என்கிறோம், சென்னைக்காரர் கேட்டால் 'பூந்தமல்லி பக்கம்' என்கிறோம், பூந்தமல்லிக்காரர் கேட்டால்தான் சென்னீர்குப்பம் என்ற பெயரே வாயில் வருகிறது. எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு அரசாங்கமே நாலு விதமாகப் பதில் வைத்திருக்கும் ஊரில், குடியிருப்பவன் மட்டும் ஒரே பதிலை முத்திரையோடு காட்ட வேண்டும்.

நான் இந்த ஊருக்கு வந்தது என் மனைவி போன பிறகு. முத்தியால்பேட்டை வீட்டை விற்றுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை, ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். காய்கறிக்கும் மருந்துக்கும் கரையான்சாவடி வரை போய்வர அந்த வண்டிதான். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. எழுபது வயதுக் கண்ணை டாக்டர் பார்த்துச் சான்று எழுதுவது நியாயம். பார்த்தார், எழுதினார், பத்து நிமிஷம்.

அதற்குப் பிறகு ஓர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லப் போவதில்லை, கவுன்ட்டரில் இருந்த பிள்ளை மேல் எனக்குக் கோபம் கிடையாது. புதுச்சேரி லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க உங்க பேர்ல கரண்ட் பில் இருக்கா சார்?" என்றார்.

"மாப்பிள்ளை பேர்ல இருக்கு."

"வீட்டு வரி ரசீது?"

"அதுவும் அவர் பேர்லதான்."

"அப்ப அவர் உங்க மாப்பிள்ளைங்கிறதுக்கு ஆதாரம்?"

மாப்பிள்ளை என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் என் பெண்ணின் கல்யாணப் பதிவு வேண்டும். அவள் என் பெண் என்பதற்கு அவளுடைய பிறப்புச் சான்று வேண்டும். கடைசியில் என் பிறப்புச் சான்றையும் என் பள்ளிச் சான்றையும் எடுத்து நீட்டினேன். இரண்டும் பிரெஞ்சில் இருந்தன. நான் பிறந்தபோது புதுச்சேரியில் கொடி வேறு. 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் கைமாறியது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். என் பிறப்பைப் பதிவு செய்தவர் மேரியில் உட்கார்ந்திருந்த ஒரு பிரெஞ்சு இந்திய எழுத்தர். அழகான சாய்வெழுத்து. கவுன்ட்டர் பிள்ளை அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்லேஷன் பண்ணி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த அறையிலேயே அதை மொழிபெயர்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் மொழிபெயர்ப்பு செல்லாது.

இவ்வளவும் எதற்கு? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமம் வழங்கும் அதிகாரம் பெற்ற எந்த அலுவலரும் ஒரு லைசென்ஸைப் புதுப்பிக்கலாம் என்கிறது. முதலில் கொடுத்த அலுவலகம் வேறாக இருந்தால், புதுப்பித்த செய்தியை அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சட்டம் இயற்றியவர்கள் ஊர் மாறும் மனிதர்களை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வருஷம், 1989-ல், அந்தச் சட்டத்துக்கு விதி எழுத உட்கார்ந்தவர்கள், புதுப்பிக்கும் மனுவை 'வழக்கமாக வசிக்கும்' பகுதியின் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். பாராளுமன்றம் திறந்த கதவுக்கு எங்கள் ஜாதி தாழ்ப்பாள் போட்டது. எங்கள் ஜாதி என்றால் எழுத்தர் ஜாதி.

என் கதை ஒரு வழியாக முடிந்தது. ஆதாரில் விலாசத்தை மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகும் என்றார்கள். ஆதார் ஆணையம் 2023 ஜனவரியில் ஒரு வசதி கொண்டுவந்தது. தன் பேரில் விலாச ஆதாரம் இல்லாதவர், கூட இருக்கும் உறவினரைக் 'குடும்பத் தலைவர்' என்று காட்டி விலாசத்தை மாற்றிக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பிய யாரும் தலைவர் ஆகலாம். அப்போது கட்டணம் ஐம்பது ரூபாயாக இருந்தது. என் பெண் கைப்பேசியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தானைத் தட்டினாள், அந்த நிமிஷத்திலிருந்து அவள் எனக்குக் குடும்பத் தலைவி. பேரன் பேத்திகளுக்கு ஒரு வாரம் அதுதான் சிரிப்பு. உறவைக் காட்டும் காகிதமும் இல்லாதவருக்கு, 'இவர் என் வீட்டில் இருக்கிறார்' என்று அந்தத் தலைவர் எழுதித் தரும் உறுதிமொழியே போதும் என்கிறது அந்த ஏற்பாடு.

இங்கே நில்லுங்கள். அந்த ஆதார் அட்டையைக் காட்டியதும் கவுன்ட்டரில் மறுபேச்சு இல்லை. ஆனால் அட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது? என் பெண்ணின் வாய்ச்சொல். அவள் சொன்னால் நான் சென்னீர்குப்பத்தில் இருக்கிறேன், நானே சொன்னால் இல்லை. எழுபத்து மூன்று வயதில் நான் எங்கே தூங்குகிறேன் என்பது எனக்குத் தெரியாதாம்.

புதுச்சேரியில் நான் கொஞ்ச காலம் குடியிருப்புச் சான்று கொடுக்கும் பிரிவில் இருந்தேன். அந்தச் சான்று எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். மனு வரும். கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்புவோம். அவர் தெருவுக்குப் போவார். முனையில் ஒரு டீக்கடை இருக்கும். "இந்த ஆள் இங்கதான் இருக்காரா?" என்பார். டீக்கடைக்காரர் தலையை ஆட்டுவார். 'அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் மனுதாரர் மேற்படி விலாசத்தில் வசிப்பது உண்மை எனத் தெரிய வருகிறது' என்று அறிக்கை வரும். வருவாய் ஆய்வாளர் அதன் மேல் கையெழுத்து, தாசில்தார் அதன் மேல் கையெழுத்து, கோபுர முத்திரை போல ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இது தப்பான வேலை என்று நான் சொல்லவில்லை. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை அறிய டீக்கடையை விடச் சிறந்த இடம் கிடையாது. நான் சொல்வது, எந்த விலாசச் சான்றைப் பிரித்துக்கொண்டே போனாலும் அடியில் ஒரு மனிதனின் சொல் இருக்கும் என்பதுதான். கரண்ட் பில்லுக்கு அடியில் அதுகூட இல்லை. ஒரு மீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. செத்துப்போனவர் பேரில் பில் வரும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு.

என்னைப் போன்றவர்களுக்காவது பெண் இருக்கிறாள், பொத்தானைத் தட்டுகிறாள். எதிர் வீட்டு மாடியில் இருக்கும் பையனுக்கு யார் தட்டுவது?

அவனுக்குச் செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். நசரத்பேட்டைப் பக்கம் ஒரு குடோனில் வேலை. ஒரே அறையில் நாலு பேர். வாடகை ரொக்கம், கையில் கொடுத்துக் கையில் வாங்குவது, ரசீது கிடையாது. சாயங்காலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தால் மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு லைசென்ஸ் கேட்கிறார்கள். ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். என்ன தம்பி என்றேன்.

"ஆதார்ல ஊர் அட்ரஸ் இருக்குது ஐயா. இங்க எடுக்கணும்னா இங்க இருக்கிற புரூஃப் கேக்குறாங்க. வீட்டுக்காரரைக் கேட்டேன், அக்ரிமென்ட் எல்லாம் போட மாட்டேன், வேணும்னா ஊருக்குப் போய் எடுத்துக்கன்னுட்டாரு."

ஊருக்குப் போய் எடுப்பது என்றால் எல்.எல்.ஆருக்கு ஒரு நாள், முப்பது நாள் கழித்து டெஸ்ட்டுக்கு ஒரு நாள், அன்றைக்கு அதிகாரி லீவு என்றால் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் கூலி போகும். மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு கேட்டால் குடோனில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் 2019-ல் சட்டத்தின் 9-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். ஒருவர் தான் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் உள்ள எந்த உரிமம் வழங்கும் அலுவலரிடமும் மனுச் செய்யலாம் என்று இப்போது இருக்கிறது. செய்யாறும் தமிழ்நாடு, பூந்தமல்லியும் தமிழ்நாடு. ஊருக்குப் போ என்று அந்தப் பையனிடம் சொல்வதற்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே கட்டட வேலை செய்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். 'தொழில் செய்யும்' என்ற வார்த்தை அவர்களுக்காகவே இருப்பது போல இருக்கிறது, அவர்களிடம் அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்காரரையும் போய்ப் பார்த்தேன். கெட்டவர் கிடையாது. பொங்கலுக்கு அந்த நாலு பையன்களுக்கும் கரும்பு வாங்கிக் கொடுக்கிறவர். "பேப்பர்ல எழுதிட்டா நாளைக்கு வீடு என்னுதுன்னு உட்கார்ந்துக்குவாங்க சார், எங்க அப்பா காலத்துல பட்டிருக்கோம்" என்றார். அந்தப் பயம் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மிச்சம். அந்தச் சட்டமே இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, நகரங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. எழுதிக் கொடுக்கிறவர்களும் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள், ஒரு வருஷத்தைத் தாண்டினால் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால். ஆக, நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பேர் வருஷத்தில் பதினோரு மாதம்தான் குடியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது மாதம் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், ஓர் இளைஞன் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று முடிவு செய்கிற அதிகாரம் மோட்டார் வாகன ஆய்வாளர் கையிலிருந்து வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது. வாடகை ஐந்நூறு ரூபாய் ஏற்றினால் வாயைத் திறக்க முடியாது, தண்ணீர் வரவில்லை என்று கேட்க முடியாது. கேட்டால் கடிதம் கிடைக்காது. அரசாங்கம் இந்த அதிகாரத்தை வீட்டுக்காரருக்கு எந்தச் சட்டத்திலும் கொடுக்கவில்லை. சும்மா கவுன்ட்டரில் ஒரு காகிதம் கேட்டே கொடுத்துவிட்டது.

காகிதம் கிடைக்காதவன் என்ன செய்வான்? பணம் இருப்பவன் புரோக்கரிடம் போவான். புரோக்கர் முத்திரைத்தாளில் ஒரு வாடகை ஒப்பந்தம் அடித்து, இல்லாத வீட்டுக்காரர் பெயரில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். பொய் சொல்லத் துணிந்தவனுக்கு ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. பொய் சொல்ல மனம் வராதவன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான், அல்லது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறான். பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். பிடிபடாமல் யார் மேலாவது மோதினால் அதைவிட மோசம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் அந்தத் தொகையை வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. ஒரு பழைய வண்டியை நண்பனுக்கு இரவல் கொடுத்த இன்னொரு குடோன் பையன் லட்சக்கணக்கில் கட்ட வேண்டி வரும். சாலையில் சோதித்துப் பார்த்த ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த லைசென்ஸ், ஒரு கரண்ட் பில்லுக்காகச் சோதிக்காத ஓட்டுநர்களைச் சாலைக்கு அனுப்புகிறது.

நான் கேட்பது ஏதோ புதுமை என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டு அரசாங்கமே மற்ற இடங்களில் செய்வதுதான். நடைபாதையில் படுத்திருப்பவர் வாக்காளராகப் பதிய வேண்டும் என்றால், தேர்தல் ஆணையம் அவரிடம் காகிதம் கேட்பதில்லை. வாக்குச்சாவடி அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், அவர் உண்மையிலேயே அங்கே தூங்குகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் வகுத்த முறை. தேர்தல் ஆணையத்தோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் இந்த ஒன்றுக்கு ஒரு கும்பிடு. சமையல் எரிவாயுவில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாவது உஜ்வலா திட்டத்தில், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் விலாசத்துக்குத் தன் உறுதிமொழியைக் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். வங்கியிலும் ஆதாரில் ஒரு விலாசம், இருப்பது வேறு விலாசம் என்றால் இப்போதைய விலாசத்தைக் கையெழுத்திட்டுச் சொல்லலாம். ஓட்டுச் சீட்டை நம்பிக் கொடுக்கிறார்கள், வெடிக்கக்கூடிய சிலிண்டரை நம்பிக் கொடுக்கிறார்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

இன்னும் வேடிக்கை, லைசென்ஸ் விதியிலேயே இதற்கு வழி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 4. வயதுக்கும் விலாசத்துக்கும் என்னென்ன காட்டலாம் என்று பட்டியல் தருகிறது. வாக்காளர் பட்டியல், ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, பாஸ்போர்ட், பள்ளிச் சான்று என்று போகும். அதில் சம்பளச் சீட்டும் உண்டு, ஆனால் அரசு அலுவலகமோ உள்ளாட்சியோ கொடுத்த சம்பளச் சீட்டு. நான் வேலையில் இருந்தபோது என் சம்பளச் சீட்டே என் வீட்டைச் சொல்லும். குடோன் பையனின் சம்பளச் சீட்டு, அப்படி ஒன்று அவனுக்குக் கொடுத்தால், எதையும் சொல்லாது. பட்டியலுக்குக் கீழே ஒரு காப்பு வாசகம் இருக்கிறது. தக்க காரணத்தால் இவற்றில் எதையும் காட்ட முடியாதவர், நிர்வாக நடுவர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அல்லது நோட்டரி முன் சத்தியம் செய்து கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தை உரிமம் வழங்கும் அலுவலர் ஏற்றுக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த வாசகம் அங்கேயே கிடக்கிறது. நான் கவுன்ட்டரில் சொன்னபோது, "அதெல்லாம் இங்க எடுத்துக்கிறது இல்ல சார்" என்றார் பிள்ளை. 'கொள்ளலாம்' என்று எழுதினால் இதுதான் நடக்கும். சர்க்காரில் 'லாம்' என்றால் 'வேண்டாம்' என்று பொருள். 'கொள்ள வேண்டும்' என்று ஒரு சொல்லை மாற்றுங்கள் என்பதுதான் என் முழுக் கோரிக்கையும்.

எதிர்த்துப் பேசுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, ஒருவரே பல பெயரில் பல லைசென்ஸ் வாங்கிவிடுவார். வாங்கக்கூடாது என்று சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது, அதைக் கண்டுபிடிக்க உதவுவது புகைப்படமும் கைரேகையும் நாடு முழுக்க ஒன்றாக இணைத்த கணினிப் பதிவும்தான், கரண்ட் பில் அதற்கு என்ன செய்யும்? இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. விபத்து என்று வந்தால் ஆளைத் தேடிப் பிடிக்க விலாசம் வேண்டாமா? வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பையனைச் செய்யாறுக்கு அனுப்பி வாங்கவைத்தால் லைசென்ஸில் இருக்கப்போவது அவன் பொங்கலுக்கு மட்டும் போகும் வீடு. சம்மன் அங்கே போகும். அவன் எங்கள் எதிர் மாடியில் இருப்பான். ஆளைப் பிடிக்க வேண்டும் என்பவர்கள்தான் அவன் சொல்லும் சென்னீர்குப்பம் விலாசத்தை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழி என்பதால் அந்த ஊர் உதாரணம் ஒன்று. குடியிருப்பு என்றால் என்ன என்று நெப்போலியன் காலத்துச் சட்டமான கோட் சிவில், 1804-லேயே யோசித்திருக்கிறது. ஓரிடத்தில் உண்மையாகக் குடியிருப்பதும், அங்கேயே தன் இருப்பை வைத்துக்கொள்ளும் எண்ணமும் சேர்ந்தால் குடியிருப்பு மாறிவிட்டது. அந்த எண்ணத்துக்கு ஆதாரம்? விட்டுப் போகிற ஊர் மேரியிலும் புதிதாக வந்த ஊர் மேரியிலும் அவரே கொடுக்கும் அறிவிப்பு. பிரெஞ்சுக்காரர்கள் காகிதப் பைத்தியம் இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த விஷயத்தில் அவர்கள் நமக்கெல்லாம் குருநாதர்கள். பாரிஸ் பக்கம் இருக்கும் என் தங்கை மகன் லைசென்ஸுக்கு விலாச ஆதாரம் கொடுத்துத்தான் வாங்கினான். ஆனால் அவன் அப்போது தங்கியிருந்தது ஒரு நண்பன் வீட்டில். 'இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று அந்த நண்பன் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டை நகலையும் தன் வீட்டு பில்லையும் சேர்த்துக் கொடுத்தான், எடுத்துக்கொண்டார்கள். பொய் எழுதினால் சிறை. வேறு பல அலுவலகக் காரியங்களில், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மாதிரி சிலவற்றைத் தவிர, விலாசத்தைச் சொன்னால் போதும், ஆதாரம் கேட்கக்கூடாது என்று 2000 டிசம்பரில் ஆணையே போட்டுவிட்டார்கள். பிரிட்டனில் இன்னும் எளிது. முதல் லைசென்ஸுக்கு மனுப் போடும்போது கடந்த மூன்று வருஷம் எந்தெந்த விலாசத்தில் இருந்தீர்கள் என்று எழுதச் சொல்கிறார்கள். லைசென்ஸ் அந்த விலாசத்துக்குத் தபாலில் வருகிறது. வீடு மாறிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம்.

தபால் என்றதும்தான் நம் தமிழ்நாட்டுக் கதை ஞாபகம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 முதல் இங்கேயும் லைசென்ஸைக் கையில் கொடுப்பதில்லை, விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறார்கள். அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்றால் அலுவலகத்துக்கே திரும்பிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைச் செய்த பிறகு முன்கூட்டியே விலாச ஆதாரம் எதற்கு என்று யாராவது யோசித்தார்களா? பொய் விலாசம் எழுதினவனுக்கு லைசென்ஸே கையில் வராதே. எங்கள் தபால்காரருக்கு எதிர் மாடிப் பையன்கள் நாலு பேரையும் பெயர் சொல்லித் தெரியும். எந்தத் தாசில்தாருக்கும் அது தெரியாது.

போன வாரம் அந்தப் பையனுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். விதி 4-ன் காப்பு வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டி, 'தக்க காரணம்' என்ற இடத்தில் 'வாடகைக்குக் குடியிருப்பதாலும், எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாததாலும்' என்று போட்டு, நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்திருக்கிறேன். ஏற்க மறுத்தால் மறுக்கும் காரணத்தை எழுத்தில் தரும்படி கடைசிப் பத்தியில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள், இது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்வது. எழுத்திலும் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, இத்தனை வருஷத்தில் அந்தக் காப்பு வாசகத்தின் கீழ் எத்தனை பேருக்கு லைசென்ஸ் கொடுத்தீர்கள் என்று கேட்போம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். பெயரையும் தெருவையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.